மாட்டைத் தின்னும் மறைமுகத் திருடன்



கோப்பெங் வட்டாரத்தில் காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் மாட்டுக்குப் புல் அறுத்த பரம்பரை நம்முடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும், வேலை ஓய்ந்த பல குடும்பங்களுக்கு நாலு மாடுதான் கையிருப்பு. பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டுமா? ஒரு காளையை விற்றால்தான் உண்டு.

அந்தக் கையிருப்பை உள்ளிருந்தே தின்பது குடற்புழு. மாடு மெலியும், மயிர் சிலிர்க்கும், கழிச்சல் போகும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். ‘கண்ணு பட்டிருச்சு’ என்று திருஷ்டி கழித்து என்ன பயன்?

சாணியோடு விழும் முட்டை, நம் நாட்டு ஈரத்திலும் சூட்டிலும் ஒரு வாரத்திலேயே பொரித்து, குஞ்சுப்புழு புல்லில் ஏறிவிடும். அதே சூடு அதற்கு எமனும் ஆகும். 5, 6 வாரம் மாடு மேயாத இடத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். ஆகவே ஓரிடத்தில் 3, 4 நாள் மேய்த்து, அந்த இடத்துக்கு 5, 6 வாரம் கழித்தே திரும்ப வேண்டும்.

கன்றுக்கோ தாய்ப்பாலிலேயே ஒருவகை உருண்டைப்புழு வந்துவிடும். பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் மருந்து கொடுத்தால் தப்பும்.

மருந்து இருக்கவே இருக்கிறதே என்பீர்கள். ஐவர்மெக்டினுக்கு வழிகோலிய கேம்பெல், ஓமுரா இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் குத்துமதிப்பாக, குறைந்த அளவில், அடிக்கடி ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். மலேசிய ஆட்டுப் பண்ணைகளில் 1990-களிலேயே அது நடந்துவிட்டது. எடைக்கேற்ற அளவைக் கேட்டுக் கொடுங்கள். சீட்டில் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பாலை விற்காதீர்கள்.

1948-லிருந்து ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. கால்நடை இலாகாவை அணுகி, சாணியைச் சோதிக்கக் கேட்போம். கேட்பது பிச்சையல்ல, உரிமை!

ஒருவர் மருந்து ஊற்றி, அடுத்தவர் சும்மா இருந்தால் வீண்தான். புழுவுக்கு வேலி தெரியாது. ஒரே புல்லில் மேயும் மாட்டுக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம். செம்பனைக்கடியில் முறைவைத்து மேய்க்க இடம் கேட்டு நிர்வாகத்திடம் சேர்ந்தே போவோம். மாடு புல்லைத் தின்றால் களைக்கொல்லிச் செலவு அவர்களுக்கும் மிச்சம்தானே! தனியாகப் போனால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். கூட்டாகப் போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.