தொழுவத்துச் சாணமும் கடல் கடந்து வரும் வாயுவும்

இந்தியாவில் செலவாகும் இயற்கை வாயுவில் ஏறக்குறையப் பாதி அயல் நாடுகளிலிருந்து தருவிக்கப்படுகிறது. அது கடுங்குளிரால் திரவமாக்கப்பட்டுக் கப்பல்களில் வருகிறது. இதற்கென குஜராத்திலுள்ள தஹேஜில் 2004-ம் வருஷத்திலும், எண்ணூரில் 2019-ம் வருஷத்திலும் இறங்குதுறைகள் ஏற்பட்டன.

இவ்வாயுவிற்கும் குடியானவர்களுக்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு. யூரியா உரம் பெரும்பாலும் இதிலிருந்தே செய்யப்படுகிறது. 2022-ம் வருஷத்தில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பின் வாயுவின் விலை உலகெங்கும் ஏறவே, உரம் செய்யும் செலவும் ஏறிற்று. அப்பாரத்தைச் சர்க்கார் பொக்கிஷம் சுமக்க நேர்ந்தது. அடுப்பெரிக்கும் சிலிண்டர் வாயு வேறு வகையதாயினும், அதிலும் பாதிக்கு மேல் இறக்குமதியே.

இவ்விரண்டு தேவைகளையும் ஓரளவு தீர்க்கும் பொருள் தொழுவத்திலேயே கிடக்கிறது. சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். அதையே சம அளவு தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலத்தில் இட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து எரிவாயுவை உண்டாக்கும். இயற்கை வாயுவின் முக்கிய அம்சமாகிய மீதேன், இதிலும் பாதிக்கு மேல் உண்டு. எஞ்சும் குழம்பு, தழைச்சத்துக் குறையாத நல்ல எருவாகும். அதை வயலுக்கு இடுமளவிற்கு யூரியாவும் மிச்சப்படும்.

சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். நாலைந்து மாடுகளுள்ள குடும்பத்திற்கு இரண்டு கன மீட்டர் கலம் சமையலுக்குப் போதுமானது.

இம்முறை புதிதன்று. புது டில்லி விவசாய ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் 1939-ம் வருஷத்திலேயே பரிசோதனைகள் நடந்தன. 1962 முதல் கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் இதைப் பரப்பிற்று. எனினும் கட்டிய கலங்களில் பல பயனற்றுப் போயின. மாடுகளை விற்றுவிடுதல், தினந்தோறும் கரைசல் இடத் தவறுதல், இரும்பு மூடி துருப்பிடித்தல் ஆகியவையே முக்கிய காரணங்கள்.

ஓரிரு மாடுகளே உள்ளவர்கள் ஒன்றுசேர்வது நலம். டென்மார்க்கில் பல பண்ணைகளின் சாணத்தை ஓரிடத்தில் சேர்த்து, கிடைக்கும் வாயுவைச் சுத்திகரித்துக் குழாய்களில் செலுத்துகிறார்கள். 2023-ம் வருஷத்தில் அந்நாட்டுக் குழாய் வாயுவில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் இவ்வகையினதே.

ஆகையால் கலம் கட்ட விரும்புவோர், நாள்தோறும் கிடைக்கும் சாணம், தண்ணீர் வசதி, பராமரிக்கும் ஆள் ஆகிய மூன்றையும் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ளுதல் அவசியம்.