கேட்காமலே ஏறி உட்காரும் டிஸ்க்

செருப்பைக் கீழேயே விட்டுடுங்க, குடையையும்தான். வால்பாறை பஜாரில் செல்போன் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஏறுகிற ஒடுக்கமான படிக்கட்டு இது. மேலே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. முன்னால் இருக்கிற கண்ணாடி மேசைக்கு இப்பால்தான் வாடிக்கையாளர்கள் நிற்கலாம். ஆனால் நமக்கு இன்றைக்கு உள்ளே போக அனுமதி கிடைத்துவிட்டது! தலையைக் குனிந்து வாங்க, நிலைப்படி இடிக்கும்.

அடேயப்பா, என்னா அடைசல்! கழற்றிப் போட்ட கீபோர்டுகள், தீப்பெட்டிகளில் திருகாணிகள், கொடியில் யாருடையதோ ஈரச் சட்டை. அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் இந்த ஊரில் போர்டெல்லாம் பூத்துப்போகும், அதற்கான வைத்தியமாம். பல்பின் சூட்டில் அரசு லேப்டாப்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த வகை. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது அது. "எனக்கு லினக்ஸ் பழக்கினதே அந்த லேப்டாப்தானுங்க்ணா. விண்டோஸ் பக்கம் கேம் ஆடி மாட்டிக்கிட்டா, இந்தப் பக்கம் வந்து படிக்கிற மாதிரி உக்காந்துக்குவேன்" என்கிறார் மெக்கானிக் தம்பி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். காதில் பேனா, பக்கத்தில் ஆறிப்போன டீ.

மேசையில் கிடப்பது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர். லினக்ஸ் மின்ட் போட்டது. ஸ்டுடியோ அண்ணாச்சி அதை விட்டு நகராமல் நிற்கிறார். கல்யாண ஆல்பங்களெல்லாம் ஒரு யூஎஸ்பி டிஸ்கில் இருக்கின்றன. சாயங்காலம் ஒருமுறை காப்பி எடுக்கும்போது மட்டும் அது மவுண்ட் ஆனால் போதும். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மழையில் மரம் சாய்ந்து கரண்ட் படக்கென்று போனால், ஏறியிருக்கிற டிஸ்கில் பாதி எழுதினது பாதியிலேயே நிற்கும். "முகூர்த்த போட்டோ போச்சுன்னா மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா தம்பி?" நியாயமான கேள்விதான். சரி, டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டாலோ, ஒன்றரை நிமிஷம் அதற்காகக் காத்துக் கிடந்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர்கிறதாம்.

இப்போது பாருங்க, வேடிக்கை ஆரம்பம். லாகின் திரை வந்ததும் தம்பி பாஸ்வேர்டே போடவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 மூன்றையும் சேர்த்து அழுத்தினார். திரை முழுக்கக் கறுப்பு, எழுத்து மட்டும்தான். "ரெண்டு பேரு மேல சந்தேகமுங்க்ணா. பூட் ஆகும்போதே சிஸ்டம் ஏத்தியிருக்கணும், இல்லாட்டி நாம உள்ள போனப்புறம் டெஸ்க்டாப் ஏத்தியிருக்கணும். டெஸ்க்டாப் முழிக்கறதுக்கு முந்தியே பாத்துட்டம்னா ஆளு சிக்கிரும்." கறுப்புத் திரையிலேயே லாகின் செய்து ஃபைண்ட்-மவுண்ட் என்று அடித்தார். டிஸ்க் ஜம்மென்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிஸ்டம் வேலைதான்!

பூட் ஆகும்போது எதை எங்கே ஏற்றுவது என்ற பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கும். திறந்தால், அந்த டிஸ்கின் வரிக்கு முன்னால் ஏற்கனவே ஹேஷ் குறி போட்டு அடைத்திருக்கிறது. "அத நான்தான் போன மாசமே அடைச்சேன்" என்கிறார் அண்ணாச்சி பெருமையாக. அப்புறம் எப்படி ஏறுகிறது? தம்பி மூக்கைச் சொறிகிறார். நாமும் சொறிகிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம்தான். இப்போதைய லினக்ஸ்களில் பெரும்பாலும் சிஸ்டம்-டிதான் பூட் வேலையைப் பார்க்கிறது. ஒவ்வொரு மவுண்டும் அதன் கணக்கில் ஒரு யூனிட். அந்த யூனிட்டின் ஸ்டேட்டஸைக் கேட்டால், எந்தக் கோப்பிலிருந்து அது வந்தது என்பதையும் காட்டிவிடும். காட்டியது, எஃப்எஸ்டேப் இல்லை! எவரோ தனியாக ஒரு மவுண்ட் கோப்பு எழுதி எனேபிள் செய்து வைத்திருக்கிறார்கள். விவரம் எழுதும் இடத்தில் "தொடாதே" என்று இங்கிலீஷில் மிரட்டல் வேறு. அறைக்கு வெளியே யாரோ இருமினார்கள். கடை முதலாளி! ரொம்ப நாளைக்கு முன்னால் அவரே கைப்பட எழுதினதாம். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

யூனிட்டை டிஸேபிள் செய்து, ரீஸ்டார்ட் கொடுக்கப் போகிற நேரம் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் ஒப்பாரி வைக்கிறது. அதன் பேட்டரி மாற்ற வேண்டுமாம். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டால் 40 கொண்டை ஊசி வளைவும் சுற்றித்தான் மேலே வரும். அதுவரைக்கும் பக்கோடா சாப்பிடலாம். சூடு, எடுத்துக்கோங்க.

கரண்ட் வந்தது. கறுப்புத் திரையில் பார்த்தால் டிஸ்க் ஏறவில்லை. கைதட்டல்! டெஸ்க்டாப்புக்குள் போனால்... டிஸ்க் மறுபடி ஆஜர். இரண்டாவது ஆசாமியும் சேர்ந்த கூட்டுக் களவாணித்தனம். ஃபைல் மேனேஜரின் அமைப்புகளில், கழற்றி மாட்டும் டிஸ்க்குகளைத் தானாக மவுண்ட் செய்யச் சொல்லும் ஒரு டிக் இருந்தது. எடுத்தார். லாக்-அவுட், லாகின். ஏறவில்லை! இனி அண்ணாச்சி க்ளிக் செய்தால்தான் ஏறும்.

புறப்படும்போது தம்பியின் நோட்டில் எட்டிப் பார்த்தேன். எஃப்எஸ்டேப் வரியில் நோ-ஆட்டோ போட்டால் பூட்டில் ஏறாது, கேட்கும்போது ஏறும். நோ-ஃபெயில் அப்படியில்லை; டிஸ்க் இருந்தால் ஏற்றும், இல்லாவிட்டால் பூட்டை மறிக்காமல் விட்டுவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகமாம்.

வீட்டில் நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால், எஃப்எஸ்டேப்பில் கை வைக்கும் முன் அதை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்புக்குப் போகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடக்கூடும்.