ரேகை விழாத விரல்கள்

பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்நுனிகள் கறுத்துப் போயிருக்கும். தோல் உரிந்து, சில இடங்களில் வழுவழுவென்று ஆகியிருக்கும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் அமிலத்தன்மை உடையது. பட்ட இடத்தைப் பொசுக்கும். அதே விரல்களைத்தான் மாதம்தோறும் ரேஷன் கடையில் கைரேகைக் கருவியின் மேல் வைக்க வேண்டியிருக்கிறது. "ரேகை விழலம்மா, வேற விரலை வைங்க" என்கிறார் விற்பனையாளர். அடுத்த விரலும் விழுவதில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து, தலைமுடியில் தேய்த்து, மறுபடியும் வைக்கிறார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடுதான். ஈரச் சிமென்ட் கடுமையான காரம். நாள் முழுக்க அதில் கை வைத்தால் மேல்தோல் கரையும். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், சாயப்பட்டறையில் துணி அலசுகிறவர்கள், வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறவர்கள், மணிக்கொரு முறை கிருமிநாசினியால் கை கழுவும் செவிலியர்கள் என்று பட்டியல் நீளும். வயதும் ஒரு காரணம். முதுமையில் தோலின் மீள்திறன் குறைகிறது, வியர்வை குறைகிறது, ரேகையின் மேடுகள் தாழ்ந்துபோகின்றன. "கை தேஞ்சு போச்சு" என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள், குற்றம் தங்கள் விரலில் இருப்பது போல. கருவிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல மனம் வராது.

ரேகை என்பது தாயின் வயிற்றிலேயே எழுதி முடிந்துவிடும் எழுத்து. கரு உருவான பத்தாவது வாரத்தையொட்டித் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் மேடுபள்ளங்கள் நிலைபெற்றுவிடுகின்றன. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறு வேறு. இது எப்படி நடக்கிறது என்பதற்கு எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் தந்தார்கள். மேடு வளரத் தூண்டும் மூலக்கூறுகளும் அதைத் தடுக்கும் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பரவும்போது வரிகள் தாமாகவே உருவாகின்றன. உயிரினங்களின் உடலில் கோலங்கள் இப்படித்தான் தோன்றக்கூடும் என்று கணிதமேதை ஆலன் டூரிங் 1952இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். சிறுத்தையின் புள்ளிக்கும் வரிக்குதிரையின் பட்டைக்கும் அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தவர்கள் உண்டு. நம் விரல்நுனியிலும் அது இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஆக, ரேகை மாறுவதில்லை. மேல்தோல் தேய்ந்தாலும் அடித்தோலில் அச்சு இருக்கிறது. வேலையை விட்டுச் சில வாரங்கள் ஓய்ந்தால் பெரும்பாலும் மீண்டும் தெளிந்துவிடும். அப்படியானால் கருவி ஏன் கைவிரிக்கிறது?

கருவி பார்ப்பது ரேகையை அல்ல, அந்த நொடியில் தோலும் கண்ணாடியும் சேரும் விதத்தை. பரவலாகப் புழங்கும் ஒளிவகைக் கருவியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் பட்டகத்தின் கீழிருந்து ஒளி பாய்ச்சப்படுகிறது. ரேகையின் பள்ளத்துக்கு நேராகக் கண்ணாடிக்கு மேல் காற்றுதான் இருக்கும். அங்கே ஒளி முழுவதுமாகத் திரும்பி கேமராவுக்குப் போய்விடும். மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் நுழைந்து சிதறிவிடும். அதனால் பள்ளம் வெளுப்பாகவும் மேடு கறுப்பாகவும் படம் விழுகிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். வறண்ட தோலானால் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத காற்றுத் துணுக்குகள் மாட்டிக்கொள்ளும். ஒரே கோடு பத்துப் புள்ளிகளாக உடைந்து தெரியும். தலைமுடியில் விரலைத் தேய்ப்பவர்கள் செய்வது சரியான காரியம்தான்: அந்த எண்ணெய்ப் பசை காற்றை விரட்டுகிறது. கொஞ்சம் கூடிப்போனால் பள்ளங்களும் நிரம்பி, படம் முழுக்க மைக்கறையாகிவிடும். செல்பேசியில் இருப்பவை பல மின்தேக்கு வகை. அவை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள மின்னேற்ற வேறுபாட்டை அளக்கின்றன. வறட்சியும் ஈரமும் அவற்றையும் குழப்பும்.

படம் விழுந்த பிறகு, கோடு முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் கருவி குறித்துக்கொள்கிறது. முன்பு பதிந்த குறிப்போடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. ஆம், இல்லை என்ற பதில் அதற்குத் தெரியாது. மதிப்பெண் மட்டுமே தெரியும். எத்தனைக்கு மேல் வந்தால் 'இவர்தான்' என்று ஏற்பது? அதை ஒரு மனிதர் முடிவுசெய்து வைத்திருக்கிறார். கல்லூரிச் சேர்க்கையின் கட்-ஆஃப் மாதிரிதான் இது. உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், உரியவரே வெளியே நிற்பதும் கூடும். தாழ்த்தினால் உரியவர் எளிதாக உள்ளே வருவார், பிறரும் சிலர் நுழைவார்கள். இரண்டு பிழைகளையும் ஒருசேர ஒழிக்கும் கட்-ஆஃப் எங்கேயும் கிடையாது. நல்ல கருவி வாங்கினால் இரண்டும் சற்றுக் குறையும். பேரம் மட்டும் தீராது.

ஆப்பிள் நிறுவனம் 2013இல் ஐபோனில் விரல்ரேகைப் பூட்டைக் கொண்டுவந்தது. ஊரார் ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்திவிடும் வாய்ப்பு 50,000இல் ஒன்று என்று அது சொல்கிறது. ஐந்து விரல்களைப் பதிந்துவைத்தால் அது 10,000இல் ஒன்றாகிவிடும். நான்கு இலக்கக் கடவு எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு சரியாக அடிக்கும் வாய்ப்பும் அதேதான்.

அலுவலக வருகைப்பதிவில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. செல்பேசி உங்கள் விரலை உங்கள் பதிவோடு மட்டும் ஒப்பிடுகிறது. வாசலில் மாட்டியிருக்கும் கருவியோ, விரலை வைத்ததும் அங்குள்ள அத்தனை பேரின் பதிவிலும் தேடுகிறது. 500 பேர், ஆளுக்கு இரண்டு விரல் என்றால் 1,000 ஒப்பீடுகள். ஒவ்வொன்றிலும் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு 10,000இல் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், எவர் பெயரிலாவது தவறாகப் பொருந்திவிடும் வாய்ப்பு பத்தில் ஒன்றை நெருங்கிவிடும். அதைத் தவிர்க்க கட்-ஆஃபை ஏற்றுவார்கள். ஏற்றியதும், வறண்ட கைக்காரர்கள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்று விரலை ஊதிக்கொண்டிருப்பார்கள். முதலில் பணியாளர் எண்ணை அழுத்திவிட்டு விரலை வைக்கும்படி அமைத்தால், ஒப்பீடு ஒரே ஒருவரோடு நின்றுவிடும்; கட்-ஆஃபையும் இறக்கலாம். பல கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. கூடுதலாகச் சில நொடிகள் ஆகும் என்பதற்காகவே அதை அணைத்து வைக்கிறார்கள். அந்தச் சில நொடிகளுக்கு விலையாகத் துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு அரைநாள் சம்பளம் பிடிபடுவது நியாயமல்ல.

வீட்டில் இந்தத் தொல்லை நம்மை அவ்வளவாக உறுத்துவதில்லை. வெங்காயம் நறுக்கிய கையோடு செல்பேசியைத் தொட்டால் திறக்காது; உடனே கடவு எண்ணைக் கேட்கும், போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். தோல்விக்கு அடுத்த வழி அதே திரையில், அதே நொடியில் இருக்கிறது. அலுவலகத்தில் மேலாளரிடம் போய் விளக்கம் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் தோற்றால் சில இடங்களில் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே வகைத் தொழில்நுட்பம்தான். உழைத்துத் தேய்ந்த கைக்குத்தான் மாற்றுவழி மிகவும் தேவை. அந்தக் கைக்கே அது மிகத் தொலைவில் வைக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

அரசு இதை அறியாமலில்லை. ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி முன்வைத்த விளக்கத்தில், அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம் என்ற கணக்கு இருந்தது. மீதி 12 சதவீதம் பரிசுச்சீட்டைப் போல மாதத்துக்கு ஒருவர்மேல் மாறி மாறி விழுவதில்லை. இந்த மாதம் விழாத ரேகை அநேகமாக அடுத்த மாதமும் விழாது. அதே முதியவர், அதே சித்தாள்.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க இந்த விலையைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கத்தக்க கேள்வி. போலி அட்டைகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ரேஷன் திருட்டில் பெரும்பங்கு எடையில் நடப்பது. 20 கிலோவுக்கு ரேகை வைத்துவிட்டு 18 கிலோ வாங்கிப்போகிறவரின் விரல் உண்மையான விரல்தான். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஜார்க்கண்டில் 132 வட்டாரங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆதார் சரிபார்ப்பைக் கொண்டுவந்ததால் மட்டும் கசிவு குறையவில்லை. பொருள் வாங்கும் அலைச்சலும் செலவும் கூடின. அட்டையோடு ஆதாரை முன்பே இணைக்காதிருந்தவர்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது.

போலி ரேகையைத் தடுப்பதிலும் இதே இழுபறி. ஜப்பானில் சுடோமு மட்சுமோட்டோ குழுவினர் 2002இலேயே ஜெலட்டினில் செய்த விரலால் பல கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். நம் நாட்டில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கணக்கைச் சுரண்டிய வழக்குகள் வந்தன. அதன்பின் 2023இல் வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் கூடுதல் சோதனையை ஆணையம் சேர்த்தது. தேவையான நடவடிக்கைதான். ஆனாலும் ஒவ்வொரு புதுச் சல்லடையும் உயிருள்ள வறண்ட விரல்கள் சிலவற்றையும் சேர்த்தே தள்ளிவிடும். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ரேகைக்கு அந்த வசதி இல்லை. கையில் இருப்பது பத்தே விரல். பணப் பரிமாற்றத்துக்கும் ரேஷனுக்கும் ரேகையைப் பயன்படுத்தாதவர்கள் ஆதார் செயலியில் அதைப் பூட்டி வைப்பது நல்லது.

ரேகையே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். கேப்சைட்டபின் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். அந்த மருந்தை உட்கொண்ட 62 வயது சிங்கப்பூர்க்காரர் ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். விரலில் ரேகை எதுவும் தெரியவில்லை. அவருடைய மருத்துவர் இதை மருத்துவ இதழில் எழுதி, இனி இத்தகைய நோயாளிகள் மருத்துவர் சான்றோடு பயணம் செய்யட்டும் என்று பரிந்துரைத்தார்.

மாற்றுவழிகள் காகிதத்தில் இல்லாமல் இல்லை. 2017 அக்டோபர் 24 அன்று ஆதார் ஆணையம் விட்ட சுற்றறிக்கை, ரேகை பதியவில்லை என்பதற்காக எவருக்கும் பொருள் மறுக்கக் கூடாது, அப்படி வழங்கியதைத் தனியே குறித்துவைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் கருவிழிப் பதிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. கண்ணில் நோயோ அறுவைச் சிகிச்சையோ கண்ட முதியவர்களிடம் அவையும் தடுமாறலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் போகிறது. பெரிய நிம்மதி அது. ஐம்பது வயதுச் சித்தாளுக்கும் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

அவர்களுக்கு இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. பத்து விரலும் ஒன்றுபோல் தேய்வதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்தவருக்கு மோதிர விரல் நன்றாக விழலாம். எந்த விரல் தெளிவாக இருக்கிறது என்று ஒருமுறை சோதித்து, அந்த விரலையே வைக்கச் சொல்லலாம். கண்ணாடியை ஈரமில்லாத துணியால் அடிக்கடி துடைக்கலாம். பழைய பதிவு மங்கலாக இருந்தால் ஆதார் மையத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம், வேலை இல்லாத வாரமாகப் பார்த்துப் போனால் நல்லது. இரண்டு முறை தவறியதும் விற்பனையாளர் தயங்காமல் அட்டையை ஸ்கேன் செய்து பொருளைக் கொடுத்துவிட்டு, விதிவிலக்காகக் குறித்துக்கொள்ளும் துணிவு வேண்டும். அப்படிக் கொடுத்தவரைத் தணிக்கையில் குற்றவாளியாக நடத்தாத அதிகாரிகளும் வேண்டும்.

இன்னொன்றையும் அரசிடம் கேட்க வேண்டும். எந்தக் கடையில் எத்தனை முறை ரேகை தவறியது, எத்தனை பேர் அன்று வெறுங்கையோடு திரும்பினார்கள் என்ற கணக்கு அந்தந்தக் கருவிக்குள்ளேயே பதிவாகக்கூடியது. அரிசி, சர்க்கரை இருப்பைக் கடை வாசல் பலகையில் எழுதிப் போடுகிறோம். அதே பலகையில் அந்த இரண்டு எண்களையும் மாதாமாதம் எழுதச் சொன்னால், எந்தத் தெருவில் கட்-ஆஃப் யாரைத் தள்ளுகிறது என்று அந்தத் தெருக்காரர்களுக்கே தெரிந்துவிடும்.