கமத்துக்கு ஒரு சட்டத்தரணி

சட்டம் பயில விழையும் நம் மாணவர் பலர்க்குக் குறுக்கு விசாரணையும் நீண்ட வாதமுமே கண்முன் நிற்கின்றன. வடபுலத்து மக்களை நீதிமன்றுக்கு அழைத்து வருவதோ பெரும்பாலும் காணியே. சில பரப்புத் தோட்டமும் கிணற்றுப் பங்குமே சீவனமாயுள்ள குடும்பத்துக்கு, ஒரு போகம் பிழைத்தலினும் உறுதியில் ஒரு வரி பிழைத்தல் கொடிது. அக்குடும்பத்துக்குத் துணைநிற்கும் சட்டத்தரணியாகும் வழியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்படி யாவர்க்கும் பொது. பல்கலைக்கழகத்திற் பயின்றோரும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்விற் சித்தியெய்தி, மூத்தார் ஒருவரிடம் தொழில் பழகி, உயர் நீதிமன்றிற் சத்தியப்பிரமாணஞ் செய்தல் வேண்டும். நம் பாட்டனார் அறிந்த அப்புக்காத்து, பிறக்கிறாசி என்னும் இரு வகுப்பையும் 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் ஒன்றாக்கியது. நொத்தாரிசுத் தகுதியையும் உடன் பெறுதல் நன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு உறுதியின்றிச் செல்லாது.

அடுத்துக் கற்க வேண்டியது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்திற் கிளாஸ் ஐசாக்சு தொகுத்த இது, 1806 இல் ஆங்கிலேயராற் சட்டவலிமை பெற்றது. பங்காளர்க்கும் உரிமைக்காரர்க்கும் காணியை முதலில் வாங்கும் உரிமையை 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரையறுக்கின்றது. வயலுழும் குத்தகைக்காரரின் பாதுகாப்பு 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்திலிருந்து வளர்ந்து, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் வந்து நிற்கின்றது. எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்பலாகாது என்பதும் அதன் விதியே.

குடியேற்றக் காணிகளை ஆள்வது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளரை நியமியாது ஒருவர் இறப்பின், மக்களுள் ஆணே முந்துவான் என்றிருந்த முறை 2022 இலேதான் திருத்தப்பட்டது.

சட்டத்தை அறிந்தால் மட்டும் போதாது; அதனை உரிய காலத்திற் கமக்காரர்க்கு அறிவித்தலும் வேண்டும். பத்தாண்டு எதிராட்சி செய்தோர் பிறர் காணிக்கு உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் விதி. யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர்க்கு இதனால் நேர்ந்த இடரைக் கண்டு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கினின்றும் நீக்கியது. எனினும் வழக்கிடுதற்கு இரண்டாண்டே அவகாசம். அறிந்தோர் வழக்கிட்டனர், அறியாதார்க்கு அவ்வாயில் அடைபட்டது.

இத்தொழிலின் பயிற்சிக்களம் வயலும் தோட்டமுமேயாம். சகோதரர் இருவர் தந்தையின் காணியைப் பகிர்கின்றனர் எனக் கொள்வோம். கிணறு ஒருவர் பங்கினுள் அமைகின்றது. கிணற்றிற் பங்கும், வழி வாய்க்காலும், இறைப்பு முறையும் மற்றவர் உறுதியில் எழுதப்படாவிடின், பிள்ளைகள் காலத்தில் வழக்கு மூளும். அது முடியுமுன் பயிர் வாடும். உறுதியெழுதுமுன் எல்லையை நடந்து பார்த்து, வாய்க்காலை நில அளவைப் படத்திற் குறிப்பித்த சட்டத்தரணி அவ்வழக்கைப் பிறவாமலே தடுத்துவிடுகின்றார். அவ்வுழைப்புக்கு ஊதியஞ் சிறிது. ஆயினும் அடுத்த உறுதிக்கும் அவ்வூரார் அவரையே தேடி வருவர். இத்தொழில் வளர்வது இவ்வாறே.

கமக்காரர் வீட்டிற் பிறந்து இக்கல்லூரியிற் கற்கும் மாணவர்க்கு இதில் ஒரு வாய்ப்புண்டு. மடை, வரம்பு, வாரம், ஒற்றி என்பவற்றின் பொருளை அவர் நூலிற் கற்க வேண்டியதில்லை. அவ்வறிவோடு சட்டத்தையுங் கற்று ஊருக்கு மீள்வாராயின், பயன் அவர்க்கும் ஊர்க்கும் உண்டாகும்.