எலிஸாவின் அப்பா யார்?

கொல்கத்தா ஆளுநர் மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. கட்டி முடித்தது 1787-ல். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக் கல்லறையைத் தேடிப் போவார்கள். நான் நேரே உள்ளே ஓடினேன். அங்கே ஓர் அறையில் வாரன் ஹேஸ்டிங்ஸின் நாற்காலியை வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது! முதல் கவர்னர் ஜெனரல் என்பதற்காக இல்லை. இரண்டரை நூற்றாண்டாகத் தீராத ஒரு கேள்வி இந்த மனிதரைச் சுற்றித்தான் நிற்கிறது. எலிஸாவின் அப்பா இவர்தானா?

கதை தொடங்குவது நம் கடலூரில் என்றால் நம்புவீர்களா? பிலடெல்பியா ஆஸ்டன் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த ஆங்கிலப் பெண். 1752-ல் தன்னந்தனியாகக் கப்பலேறி மதராஸ் வந்து இறங்கினாள். அந்தக் காலத்தில் அப்படி வருகிற பெண்கள் மாப்பிள்ளை தேடித்தான் வருவார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் கடலூரில் கல்யாணம். மாப்பிள்ளை டைஸோ சால் ஹான்காக், செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர். இந்தப் பிலடெல்பியா யார் தெரியுமா? நாவலாசிரியை ஜேன் ஆஸ்டனின் சொந்த அத்தை!

எட்டு வருஷம் குழந்தை இல்லை. 1759-ல் தம்பதி கல்கத்தாவுக்கு மாறினார்கள். அதே வருஷம் மனைவியைப் பறிகொடுத்திருந்த ஹேஸ்டிங்ஸ் அவர்களுக்கு நெருங்கிய நண்பரானார். 1761 டிசம்பர் 22-ல் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானத்தகப்பன் ஹேஸ்டிங்ஸ். குழந்தைக்கு எலிஸபெத் என்று பெயர் வைத்தார்கள். அவள்தான் நம் எலிஸா. பிறந்த சில வாரத்திலேயே இறந்துபோன ஹேஸ்டிங்ஸின் மகளுக்கும் அதே பெயர்தான்.

ஊர் வாயை மூட முடியுமா? ராபர்ட் கிளைவ் தன் மனைவிக்குக் கடிதமே எழுதிவிட்டார்: அந்த ஹான்காக் அம்மாளோடு பழக வேண்டாம், ஹேஸ்டிங்ஸுக்கும் அவளுக்கும் உள்ள உறவில் சந்தேகமே இல்லை என்று. பிறகு ஹேஸ்டிங்ஸ் எலிஸா பெயருக்கு முதலில் 5,000 பவுன் எழுதி வைத்தார். அதை 10,000 ஆக்கினார். சாட்சி கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹான்காக் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்தில் இருந்த மனைவி மகளுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி அறிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மகள் கணக்குப் படிக்கிறாளா, கையெழுத்து நன்றாக வருகிறதா என்று கடல் கடந்து கவலைப்படுகிற மனிதர் அவர். பெற்ற தகப்பனோ இல்லையோ, வளர்த்த தகப்பன் இவர்தான். 1775-ல் கடனோடு கல்கத்தாவிலேயே இறந்துபோனார்.

சரி, டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் தீர்ந்ததல்லவா? அமெரிக்காவில் ஜெபர்சன் விஷயத்தில் பார்த்தார்களே! அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன்தானா என்பது அங்கே பழைய வழக்கு. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குவது ஒய் குரோமோசோம். ஜெபர்சனுக்கு வளர்ந்து ஆளான மகன் அவர் மனைவி வழியில் இல்லை. அதனால் அவருடைய பெரியப்பா சித்தப்பா வகையில் வந்த ஆண்களைத் தேடிப் பிடித்து, சாலியின் மகன் எஸ்டனின் ஆண் வழி வாரிசோடு ஒப்பிட்டார்கள். 1998-ல் முடிவு வந்தது. பொருந்தியது! ஆனால் ரத்தம் சொன்னது குடும்பத்தை மட்டும். ஆளைக் காட்டிக் கொடுத்தது காகிதம். ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் ஜெபர்சன் மான்டிசெல்லோ வீட்டில்தான் இருந்தார் என்று பழைய குறிப்புகள் சொல்லின.

அதே வழியை எலிஸாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் பெண், ஒய் குரோமோசோம் கிடையாது. ஒரே மகன், பெயரும் ஹேஸ்டிங்ஸ், 1801-ல் பதினைந்து வயதில் இறந்துபோனான். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குப் பலியான முதல் கணவனுக்குப் பிறகு அவள் கட்டிக்கொண்டது ஜேனின் அண்ணன் ஹென்றியை. அத்தை மகள், மாமன் மகன், நம் ஊர் முறைப்படியே! அந்தக் கல்யாணத்தில் பிள்ளை இல்லை. ஹேஸ்டிங்ஸ் பக்கமும் பிள்ளைகள் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். இரண்டு முனையிலும் நூல் அறுந்து கிடக்கிறது. கையில் இருப்பது காகிதம் மட்டும். அதை வைத்துக்கொண்டு நான் ஹேஸ்டிங்ஸ் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

நூல் அறாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சூரத்தில் இன்னோர் எலிஸா இருக்கிறாள். எலிஸா கெவார்க், தியோடர் போர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வீட்டில் இருந்தவள். ஆர்மீனியப் பெண் என்றே சொல்லிவந்தார்கள். அவள் மகள் கேத்தரின் பிரிட்டனுக்குப் போனாள். அந்தத் தாய் வழியில் வந்தவர்தான் இளவரசி டயானா. 2013-ல் டயானாவின் உறவினர் எச்சிலில் தாய் வழி டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். தெற்காசியாவுக்கே உரிய வகை! இருநூறு வருஷம் கழித்து ஓர் இந்தியத் தாய் வெளியே வந்தாள்.

இப்போது கொல்கத்தாவின் பௌ பாரக்ஸிலும் சென்னை பெரம்பூரிலும் வாழ்கிற ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று தெரியாத வீடுகள் எத்தனை! தேடுகிற விதம் சொல்கிறேன், துப்பறியும் கதை தோற்றுவிடும். குழாயில் எச்சிலைத் துப்பி டி.என்.ஏ. பரிசோதனை நிறுவனத்துக்கு அனுப்பினால் ஒத்துப்போகிற உறவினர் பட்டியல் வரும். ஒற்றுமையை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். அப்பா பிள்ளை என்றால் 3,400 வாக்கில், பெரியப்பா மகன் அத்தை மகன் என்றால் 850 வாக்கில். முப்பாட்டன் சகோதரர்கள் வழி உறவுக்கு வந்தால் சில பத்துகளாகச் சுருங்கிவிடும். முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் உங்களோடும் தங்களுக்குள்ளும் பொருந்தினால், அவர்கள் வம்ச மரங்களை வரைந்து எல்லாரும் எந்தத் தம்பதியில் சந்திக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தத் தம்பதியின் பிள்ளைகளில் இந்தியாவுக்குக் கப்பலேறியவன் எவன்?

இங்கேதான் காகிதம் கைகொடுக்கிறது. கம்பெனி ஆட்சியில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போகும். வங்காளப் பதிவுகள் 1713-லிருந்து, மதராஸ் பதிவுகள் 1698-லிருந்து, இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தாய் இந்தியப் பெண் என்றால் பல பதிவுகளில் தகப்பன் பெயர் இருக்கும், தாய் பெயர் இருக்காது. சில பக்கத்தில் இரண்டுமே இருக்காது. அப்போது உயில்களைப் புரட்ட வேண்டும். நாவலாசிரியர் தாக்கரே 1811-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருக்கு சாரா என்று ஓர் அக்கா இருந்ததை, கல்யாணமாகாத உறவில் பிறந்த அவளுக்கும் அவள் தாய்க்கும் அப்பா ரிச்மண்ட் தாக்கரே உயிலில் செய்த ஏற்பாடு காட்டிக் கொடுத்தது.

காகிதம் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். ரத்தம் காத்திருக்காது, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதில் ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால், அவர்களிடம் பக்குவமாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, உங்களுக்கு முன்னால் அவர்களுக்குப் பரிசோதனை செய்துவிடுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.