பேய் வீட்டில் எதை அளப்பது?

உடல் சில்லிட்டது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது, கடைக்கண்ணில் நிழல் ஒன்று அசைந்தது என்னும் வாக்குமூலங்களை ஆவி நம்பிக்கையாளர்கள் சான்றாகக் கொள்ள, ஐயுறவாளர்கள் அவற்றையே மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். அளந்து பார்க்குமுன் எட்டப்படும் இவ்விரு முடிவுகளும் ஆய்வுக்கு உதவாதவை.

எட்டாம் ஹென்றியின் ஐந்தாம் மனைவி கேத்தரின் ஹோவர்டின் ஆவி உலவுவதாகச் சொல்லப்படும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனின் குழு பார்வையாளர்களை நடமாடவிட்டு, அவர்களுக்கு விநோத உணர்வு தோன்றிய இடங்களைப் பதிவு செய்தது. 2003இல் வெளியான முடிவுகளின்படி, அவ்வனுபவங்கள் குறிப்பிட்ட சில இடங்களிலேயே திரண்டிருந்தன. கதையை முன்பே கேட்டிருந்ததை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. இந்த அளவில் நம்பிக்கையாளர்களின் பேச்சு வெறுங்கற்பனை அன்று. அந்த இடங்களில் ஏதோ இருக்கிறது. அந்த ஏதோ ஒன்று வெளிச்சமாகவோ, அறையின் பரப்பாகவோ, காந்தப்புலத்தின் ஏற்ற இறக்கமாகவோ இருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

இங்கிலாந்தின் பொறியாளர் விக் டாண்டி, தம் ஆய்வகத்தில் தனித்திருந்தபோது குளிர்வியர்வையும் அச்சமும் உற்று, பார்வையின் ஓரத்தில் சாம்பல்நிற உருவம் ஒன்றையும் கண்டார். மறுநாள் அங்கே வாள்வீச்சுப் போட்டிக்குரிய மெல்லிய வாளை வைஸ் எனும் பிடிகருவியில் இறுக்கியபோது, எவர் கையும் படாமலேயே அதன் அலகு வேகமாக அதிர்ந்தது. புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி எழுப்பிய, நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து, ஓரிடத்தில் வலுத்து நிற்கும் நிலை அலையாகியிருந்தது. காதுக்கு எட்டாத இத்தகைய ஒலி குற்றொலி எனப்படும். ஆவி பற்றிய கூற்றுகளை ஆராய 1882இல் தொடங்கப்பட்ட உளஆய்வுச் சங்கத்தின் இதழிலேயே இது பற்றிய டாண்டியின் கட்டுரை 1998இல் வெளிவந்தது என்பது பாராட்டத்தக்கது.

ஆயினும் ஐயுறவாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டும், குற்றொலியே காரணம் என்னும் இவ்விளக்கமும் சோதனைக்கு விலக்கன்று. லண்டனில் உளவியலாளர் கிறிஸ் ஃபிரெஞ்சின் குழு, குற்றொலியும் மின்காந்தப் புலமும் செலுத்தக்கூடிய அறையொன்றை அமைத்து 79 பேரைத் தனித்தனியே அதில் உலவவிட்டது. பலருக்கு விநோத உணர்வுகள் தோன்றின. ஆனால் கருவிகள் இயங்கியதற்கும் அவ்வுணர்வுகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஏதேனும் நிகழக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்ததே போதுமானதாக இருந்திருக்கலாம் என்று அக்குழு 2009இல் எழுதியது.

சாட்சி சொல்வோரை எள்ளி ஒதுக்குவது எத்துணை ஆபத்தானது என்பதைக் கண்மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் பதிவு செய்த நிகழ்வு காட்டுகிறது. பழைய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தினர் தலைவலியால் வாடியதோடு, காலடியோசை கேட்டு, உருவங்களையும் கண்டனர். அவர்களது செடிகளும் பட்டுப்போயின. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடை அறைகளுக்குள் கசியவிட்டிருந்தது. உலை சீர்செய்யப்பட்டதும் அந்த வீட்டில் பேய் நடமாட்டம் நின்றது.