பாவாடை பாதத்தை மறைக்கிறதாம்! உலக ஸ்கேட்டிங் போட்டிக்குள் பெண்கள் நுழைந்த கதை

1902-ம் ஆண்டு. லண்டனில் உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் போட்டி. களத்தில் நான்கே நான்கு பேர். அதில் ஒருவர் பெண்! பெயர் மேட்ஜ் சையர்ஸ். வயது 20.

பெண் எப்படிக் கலந்துகொள்ளலாம் என்று விதிகளைப் புரட்டினால், 'கூடாது' என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. அதனால் தடுக்கவும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் போட்டி முதன்முதலில் நடந்தது 1896-ல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில். அப்போதும் நான்கு பேர்தான், நால்வரும் ஆண்கள். ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ் வென்றார். அடுத்து வந்த ஸ்வீடன் வீரர் உல்ரிச் சால்கோ மொத்தம் 10 முறை பட்டம் வென்று அசத்தினார். இன்றைக்கும் ஸ்கேட்டிங் வர்ணனையில் 'சால்கோ ஜம்ப்' என்று கேட்கிறோமே, அது அவர் பெயர்தான்.

லண்டனிலும் சால்கோதான் முதலிடம். இரண்டாம் இடம்? மேட்ஜ்! இரண்டு ஆண்களைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

கைதட்டல் ஓய்வதற்குள் கதவு சாத்தப்பட்டது. 1903-ல் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம், பெண்கள் இனி கலந்துகொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது. சொல்லப்பட்ட காரணங்கள்தான் வேடிக்கை. நீளப் பாவாடை பாதத்தை மறைப்பதால் நடுவரால் மதிப்பெண் போட முடியாதாம். தன் காதலிக்கே ஒரு நடுவர் மதிப்பெண் போடும்படி ஆகிவிடலாமாம். ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவதும் கஷ்டமாம்.

முதல் காரணத்தை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 'ஃபிகர்' என்பது ஐஸ் தரையில் காலால் வரையும் வடிவம். வட்டம், எட்டு என்று பிளேடால் கோடு இழுக்க வேண்டும். நம்மூர்க் கோலம் மாதிரி, இழை பிசகக் கூடாது. ஆடியவர் நகர்ந்த பிறகும் அந்தத் தடம் தரையிலேயே இருக்கும். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். பாவாடை நீளமாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன?

மேட்ஜ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. கெண்டைக்கால் வரை மட்டுமே இருக்கும் ஸ்கர்ட் அணிந்து ஆடத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். பிரிட்டனின் தேசியப் போட்டியில் ஆண்களோடு மோதி 1903-ல் வென்றார். 1904-ல் மறுபடியும் வெற்றி. அந்த முறை அவரிடம் தோற்று இரண்டாம் இடம் வந்தவர், அவருடைய கணவரும் பயிற்சியாளருமான எட்கர் சையர்ஸ்! வீட்டில் அன்று சாப்பாட்டு நேரப் பேச்சு எப்படி இருந்திருக்கும்?

கடைசியில் சங்கம் இறங்கி வந்தது. 1906-ல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பெண்களுக்கெனத் தனிப் போட்டி நடந்தது. மேட்ஜ் வென்றார். 1907-ல் வியன்னாவிலும் அவரே. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம், கணவரோடு சேர்ந்து ஆடிய ஜோடிப் பிரிவில் வெண்கலம்.

ஆனால், பெண்கள் போட்டிக்கு அப்போது 'உலக சாம்பியன்ஷிப்' என்ற பெயரைத் தரவில்லை. சங்கத்தின் சாம்பியன்ஷிப் என்றே சொன்னார்கள். 1920-களில்தான் அந்த வெற்றிகள் உலகப் பட்டங்களாக ஏற்கப்பட்டன. அதைப் பார்க்க மேட்ஜ் இல்லை. இதயக் கோளாறால் 1917-லேயே, 35 வயதில் இறந்துபோனார்.

அடுத்த அதிரடி, நார்வேயின் சோன்யா ஹெனி. முழங்காலுக்கு மேலே நிற்கும் ஸ்கர்ட்டில் துள்ளிக் குதித்து ஆடிய சிறுமி. 1927-ல் ஆஸ்லோவில் 14 வயதில் முதல் உலகப் பட்டம். 1936 வரை தொடர்ந்து 10 முறை, அதை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த முதல் பட்டத்தில்தான் ஒரு சிக்கல். ஐந்து நடுவர்களில் மூவர் நார்வேக்காரர்கள். மூவரும் ஹெனிக்கே முதலிடம் தந்தார்கள். ஆஸ்திரிய, ஜெர்மானிய நடுவர்கள் இருவரும் ஐந்து முறை சாம்பியனான ஆஸ்திரியாவின் ஹெர்மா சாபோவுக்குத் தந்தார்கள். காதலிக்கு மதிப்பெண் போட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டவர்கள், சொந்த நாட்டுப் பாசத்தை மறந்துவிட்டார்கள் போலும்!

கூச்சல் கிளம்பியது. ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்று விதி மாறியது. ஆனால், சாபோ அதன் பிறகு உலகப் போட்டியின் தனிநபர் பிரிவுக்குத் திரும்பவே இல்லை.